பல்லுக்குக் கம்பி: கையைக் கடிக்காமல் போட முடியுமா?

பிள்ளைகளின் பல் வரிசை பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: செலவு. அவற்றில் சிலவற்றுக்குப் பல் சீரமைப்புத் துறை மருத்துவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மேல்பல் வரிசை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உதட்டை மூடவே சிரமப்படுகிறாள். பக்கத்து கிளினிக்கில் 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அரசு மருத்துவமனையில் கம்பி போடுவார்களா? எங்கே போவது, யாரைக் கேட்பது?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

போடுவார்கள், அம்மா. உங்களுக்கு இடமும் கிட்டத்தில்தான். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் நேரத்தோடு போய் ஓ.பி. சீட்டு வாங்கினால், முதலில் பொதுப் பரிசோதனைப் பிரிவில் பார்ப்பார்கள். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால்தான் 'ஆர்த்தோ' எனப்படும் பல் சீரமைப்புப் பிரிவுக்குப் போக முடியும். பல் மருத்துவமனையில் 'ஆர்த்தோ எங்கே' என்று கேட்டாலே வழி காட்டுவார்கள். பொது மருத்துவமனையில் அப்படிக் கேட்டால் எலும்பு முறிவுப் பிரிவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அங்கே 'பல் பிரிவு' என்றே கேளுங்கள்.

முதல் நாளே கம்பி மாட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அன்றைக்குப் பார்த்து, பதிவு செய்து, வரிசையில் பெயர் எழுதுவார்கள். அடுத்து எக்ஸ்ரே: வாய் முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. ஒன்று, தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம் ஒன்று. முகத்தையும் பல்லையும் போட்டோ எடுப்பார்கள். பசை போன்ற பொருளை ஒரு தட்டில் நிரப்பி வாயில் வைத்து அச்சு எடுப்பார்கள். மேல்தட்டு வைக்கும்போது குமட்டும். தலையைக் குனிந்து மூக்கால் மூச்சு விட்டால் சமாளித்துவிடலாம், ஒரு நிமிடச் சங்கடம்தான். சிகிச்சை முடியும்வரை கணக்குப் பார்ப்பது அந்த அச்சில் வார்த்த மாதிரியை வைத்துத்தான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கல்லூரி மருத்துவமனைகளில் கம்பி போடுபவர்கள் எம்.டி.எஸ். படிக்கும் முதுநிலை மருத்துவர்கள். மேற்பார்வை பேராசிரியருடையது. அந்தப் படிப்பு 3 ஆண்டுகள். முதல் சில மாதம் மெழுகில் பதித்த செயற்கைப் பற்களில் கம்பி வளைத்துப் பழகிவிட்டுத்தான் நோயாளிகளைத் தொடுவார்கள். உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 2 ஆண்டு சிகிச்சை. அவளை எடுத்துக்கொள்பவர் மூன்றாம் ஆண்டுக்காரராக இருந்தால் பாதியில் படிப்பு முடிந்து போய்விடுவார், கேஸ் ஒரு ஜூனியரின் கைக்கு மாறும். மாறும்போதுதான் தாமதம் நுழைகிறது. புதியவர் ஃபைலைப் படித்து, பேராசிரியரிடம் காட்டி, அடுத்த கம்பியை முடிவு செய்வதற்குள் இரண்டு மூன்று வருகை வீணாகும். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், நீங்கள் எந்த வருஷம்? முடியும்வரை நீங்களே பார்ப்பீர்களா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேஸ் மாறத்தான் போகிறது என்றால், பழைய மருத்துவர் இருக்கும்போதே புதியவரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

பணமும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அரசு மருத்துவமனையிலும் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னப் பிடி), கம்பி போன்ற பொருள்களுக்கு ஒரு தொகை கட்டச் சொல்லலாம். எக்ஸ்ரே, பல் எடுப்பது, பிராக்கெட் விழுந்தால் மறுபடி ஒட்டுவது, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கக் கடைசியில் தரும் ரிட்டெய்னர் எல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா என்று ஒரே மூச்சில் கேட்டு, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும் முன்னால் சொத்தைப் பல்லை அடைத்து, பல்லைச் சுத்தம் செய்து வைத்துவிட்டால் ஓரிரு நடை மிச்சமாகும். சொத்தையும் ஈறு வீக்கமும் இருக்கும் வாயில் யாரும் கம்பி ஒட்ட மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார், பழைய எக்ஸ்ரே, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, எடுக்கக்கூடிய இரண்டு போன் நம்பர்கள் கையில் இருக்கட்டும். வரிசையில் முறை வந்து அழைக்கும்போது போனை எடுக்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கம்பி போடும் முன் நல்ல பல் நாலைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கும் என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார்.
— ஒரு வாசகி, விருத்தாசலம்

கண்ணுக்குப் போகும் பார்வை நரம்புக்கும் பல்லுக்கு வரும் நரம்புக்கும் தொடர்பு இல்லை. மாமியாரிடம் அதை மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள், மருமகள் சொன்னால் எடுபடாது.

எடுப்பது பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப்பல், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு. ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. அகலம். தூக்கியிருக்கும் முன்பற்கள் பின்னால் போக அந்த இடம் வேண்டும். பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் நகரும். அந்த இடைவெளி மூடவே ஏழெட்டு மாதம் ஆவதும், மொத்தச் சிகிச்சை இரண்டு வருடம் இழுப்பதும் அதனால்தான். அதிக விசை கொடுத்தால் வேகமாக நகராது, வேர்தான் கரையும். "ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்று தூக்குப்பல்லுக்கு யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் பல் எடுக்க வேண்டியதில்லை. செபலோகிராமில் அளந்து பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். அந்த எக்ஸ்ரே எடுக்காமலே பிடுங்கச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

நாங்கள் அறந்தாங்கி அருகே கிராமம். பையனுக்கு 14 வயது, பல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. தாலுகா மருத்துவமனையில் கம்பி போடும் வசதி இல்லை என்றார்கள். மாதாமாதம் சென்னைக்கு வர நம்மால் முடியுமா?
— ஒரு வாசகர்

முடியாது, முயலவும் வேண்டாம். தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளின் பல் பிரிவில் பல் எடுப்பது, அடைப்பது, வேர் சிகிச்சை போன்றவை நடக்கும். கம்பிக்குத் தனித் துறை வேண்டும், அது பல் மருத்துவக் கல்லூரிகளில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று: சென்னை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள கடலூர் மாவட்டக் கல்லூரி, 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரி. உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது புதுக்கோட்டை. புதிய கல்லூரி என்பதால் நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிலையான கம்பி, அதாவது பல்லில் ஒட்டும் கம்பி, இங்கேயே போடுகிறீர்களா, யார் போடுவார்கள்? திருப்தியான பதில் வந்தால் அதுவே போதும்.

இல்லையென்றால் அடுத்த வழி தனியார் பல் மருத்துவக் கல்லூரி. அங்கேயும் முதுநிலை மாணவர்கள்தான் செய்வார்கள், கிளினிக்கை விடக் கட்டணம் குறைவு. பள்ளியிலும் ஊரிலும் அவர்கள் நடத்தும் இலவச முகாமில் கிடைக்கும் சீட்டுக்குச் சலுகை உண்டா என்று கேட்கலாம். முகாமில் இலவசமாகக் கிடைப்பது பரிசோதனைதான், கம்பியும் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கட்டணத்தை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்யவே கூடாது. கம்பி போட்டபின் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும், ஆக இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 20 முதல் 24 நடை. பஸ்ஸும் சாப்பாடும் இரண்டு பேருக்கு 300 ரூபாய், உங்கள் ஒருநாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் நடைக்கு 900. இருபத்து நான்கு நடைக்கு 21,600 ரூபாய். கட்டணமே இல்லாத தூரத்து மருத்துவமனையும், 20,000 ரூபாய் கேட்கும் பக்கத்துக் கல்லூரியும் உங்கள் கையில் ஒரே கணக்குதான். தவறவிடும் நடையும் செலவுதான். கம்பி தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா கிடக்கும், சிகிச்சை நீளும், பல்லைச் சுற்றி அழுக்கு சேரும். எங்கே தவறாமல் போய்வர முடியுமோ அங்கே போடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து ஓடும் தடமாக இருந்தால் அம்மா அழைத்துப் போவது நல்லது, அதில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

பையனுக்கு 14 என்பது தாமதமும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு மாதத்தில் கம்பி ஒட்டும் முதல் வாரம் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து நாள் பல் கூசும், மெல்ல முடியாது, தூக்கமும் கொஞ்சம் கெடும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. கம்பிக்கு அதைப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

வெறும் பல் வரிசை சீராக்கத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள். காப்பீட்டில் சேர்க்கப்படுவது பட்டியலில் உள்ள சிகிச்சைகள் மட்டுமே. பிளவுபட்ட உதடு, அண்ணம், தாடை அறுவை போன்ற பெரிய காரணம் இருந்தால் மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் கொடுத்து, சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். தொடங்கிவிட்டுக் கேட்டால் பயனில்லை. தனியார் நிறுவனங்களின் மருத்துவ பாலிசிகளும் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்த்தால் தவிர பல் செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு அரசாங்கமே இலவசமாகக் கம்பி போட்டதாம். அதே வயதில் அவன் தங்கைக்கு 'உனக்குத் தேவையில்லை' என்று மறுத்துவிட்டார்களாம். அது என்ன கணக்கு?
— ஒரு வாசகர், காரைக்குடி

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கம்பியை இலவசமாகத் தருகிறது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. பல் நிலையை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். நான்கும் ஐந்தும் தகுதி பெறும். மூன்றாம் தரம் என்றால் வெளித்தோற்றத்துக்கு 10 படங்கள் கொண்ட ஒரு பட்டியலில் 6 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஒன்றும் இரண்டும் சொந்தச் செலவு. அண்ணன் மகளின் பல் கொஞ்சம் கோணலாக இருந்திருக்கும், ஆனால் அளவுகோலில் ஏறவில்லை. தகுதி இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

அந்த அளவுகோலில் ஒரு பகுதி நமக்கும் வீட்டில் உதவும். பிள்ளையைக் கடைவாயைக் கடித்தபடி உட்காரச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்தே எண் தொடங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலைக் கழுவி, கிடைமட்டமாக, கீழ் முன்பல்லின் முகத்தில் முட்ட வைத்து, மேல் முன்பல்லின் விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ. இயல்பு. 6 மி.மீ.யைத் தாண்டினால் அந்தக் கணக்கில் நான்காம் தரம், 9-ஐத் தாண்டினால் ஐந்தாம் தரம். நம் ஊரில் இதை வைத்து யாரும் இலவசச் சீட்டு தரப் போவதில்லை. ஆனால் 7 மி.மீ. தூக்கியிருக்கும் பல்லை அழகு விஷயம் என்று தள்ளிப்போடவும் கூடாது. விளையாடும்போது விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். மறுபக்கம், ஒரு கோரைப்பல் மட்டும் லேசாக ஏறிய தெத்துப்பல்லுக்குக் கடன் வாங்கிக் கம்பி போட வேண்டிய அவசரமும் இல்லை.

பையனுக்கு 10 வயது. இன்னும் பால்பல் விழுந்து முடியவில்லை. எல்லாம் முளைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
— ஒரு வாசகி, தேனி

கம்பி போடக் காத்திருக்கலாம். காட்டுவதற்குக் காத்திருக்க வேண்டாம். கீழ்த்தாடை உள்வாங்கியிருப்பதால் மேல்பல் தூக்கியதாகத் தெரிந்தால், வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் கருவி ஒன்றால் தாடையை முன்னால் கொண்டுவர வழி உண்டு. ட்வின் பிளாக் என்பார்கள். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள், ஏறக்குறைய நாள் முழுவதும் 9 முதல் 12 மாதம் போட வேண்டும். நிலையான கம்பியை விடச் செலவு குறைவு. பெண் பிள்ளைகளுக்கு 10-லிருந்து 12, ஆண் பிள்ளைகளுக்கு 12-லிருந்து 14 வயது வாக்கில் வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும், அதைப் பிடிப்பதுதான் சூட்சுமம். மேசை டிராயரில் கிடக்கும் ட்வின் பிளாக் எந்தத் தாடையையும் வளர்த்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து கடிக்கிறது என்றால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள்.

விரல் சூப்பும் பழக்கம், வாயால் மூச்சு விடுதல், சொத்தையால் காலத்துக்கு முன்பே எடுத்த பால்பல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பால்பல் போன இடத்தைக் காக்க ஒரு சின்ன வளையம் ஒட்டிவிட்டால் பின்னால் வரும் பெரிய செலவு சிலருக்குத் தவிர்ந்துவிடும்.

பிறவியில் உதடும் அண்ணமும் பிளந்திருந்த பேரனுக்குக் குழந்தையிலேயே அறுவை செய்துவிட்டோம். இப்போது 9 வயது, பல் தாறுமாறாக முளைக்கிறது. இனி என்ன?
— ஒரு தாத்தா, தருமபுரி

ஐயா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஈறு எலும்பில் இருக்கும் பிளவை நிரப்ப இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைக்கும் அறுவை ஒன்று உண்டு. கோரைப்பல் முளைக்கும் முன், சுமார் 8-லிருந்து 11 வயதுக்குள் செய்தால்தான் அந்தப் பல் புதிய எலும்பு வழியே இறங்கி வரும். அதற்கு முன் மேல்தாடையை விரிக்கும் கருவி தேவைப்படலாம். முழுக் கம்பி பிறகு, எல்லாப் பல்லும் வந்தபின். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடுகளைக் கண்டு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் பெயர் சேர்ப்பார்கள். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு அமைப்பின் கூட்டு மருத்துவமனைகளில் பிளவு அறுவை இலவசம். முதல் அறுவை செய்த இடத்திலேயே எலும்பு அறுவையும் கம்பியும் உண்டா என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்க் கேளுங்கள்.

மகளுக்குக் கம்பி போட்டு 5 மாதம். மூன்று தடவை பிராக்கெட் விழுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பணம் கட்டச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, உடுமலை

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லால் இழுக்கும், உடைக்கும் தீனிதான். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கடித்துத் தின்னும் கொய்யா, மாங்காய், சோளக்கதிர். கரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பொங்கலுக்கு அடுத்த வாரம் பல் சீரமைப்புப் பிரிவுக்கு வந்து பார்த்தால் தெரியும். கொய்யாவையும் ஆப்பிளையும் மெல்லிய துண்டாக நறுக்கிக் கடைவாயில் மென்றால் போதும், நிறுத்த வேண்டியதில்லை. பென்சில் கடிப்பதும் நகம் கடிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

தின்பண்டத்தில் குற்றமில்லை, ஒரே பல்லின் பிராக்கெட்தான் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால், எதிர்ப்பல் அதை இடிக்கிறது அல்லது ஒட்டும்போது எச்சில் பட்டிருக்கிறது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைவாய்ப்பல் மேல் சிறிது சிமென்ட் வைத்துக் கடியைத் தற்காலிகமாக உயர்த்தினால் இடிப்பது நின்றுவிடும். அந்தக் காரணத்தால் விழுந்ததற்குக் கட்டணம் கேட்பது நியாயமில்லை என்று பணிவாகவே பேசலாம்.

விழுந்த பிராக்கெட் கம்பியிலேயே சுழன்றுகொண்டிருந்தால் பிடுங்காமல் விடுங்கள், கீழே விழுந்தால் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். கம்பி முனை கன்னத்தில் குத்தினால், அந்த இடத்தைப் பஞ்சால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் பல் கம்பி மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்துங்கள். ஈரத்தில் மெழுகு நிற்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று பிரஷைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். ஒரு மாதம் தேய்க்காமல் விட்டாலே பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழ ஆரம்பிக்கும். கம்பியைக் கழற்றினாலும் அது எளிதில் போகாது.

தெருமுனைக் கடையில் 8,000 ரூபாய்க்குக் கம்பி, இணையத்தில் அச்சு எடுத்து அனுப்பினால் பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் தட்டு. நம்பலாமா?
— ஒரு வாசகர், ஆவடி

வேண்டாம். எக்ஸ்ரே இல்லாமல், வாயை நேரில் பார்க்காமல் பல்லை நகர்த்தினால் வேரும் எலும்பும் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. போர்டில் மருத்துவரின் பெயருக்குப் பின் எம்.டி.எஸ். இருந்தால் மட்டும் போதாது, எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். ஈறு, வேர், குழந்தைப் பல் எல்லாவற்றுக்கும் எம்.டி.எஸ். உண்டு.

மகளுக்கு 17 வயது. கம்பி எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, கீழ்ப்பல் மறுபடி கோணுகிறது. இரண்டு வருட அலைச்சலும் வீணா?
— ஒரு வாசகி, மதுரை

ரிட்டெய்னர் போடுவதை எப்போது நிறுத்தினாள் என்று கேளுங்கள். பல்லைச் சுற்றியுள்ள நார்கள் பழைய இடத்தையே நோக்கி இழுக்கும். முதல் ஆறு மாதமாவது சாப்பிடும் நேரம், துலக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும் என்று வருடக்கணக்கில் போட வேண்டும். இப்போது லேசான கோணல்தான் என்றால், பழைய ரிட்டெய்னர் வலிக்காமல் உட்காருகிறதா பாருங்கள். உட்கார்ந்தால் உடனே இரவுபகலாகத் தொடங்கச் சொல்லுங்கள். உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காமல் போட்ட இடத்துக்கே அழைத்துப் போங்கள். புதிய அச்சு எடுத்து, கீழ்ப்பல்லின் உள்பக்கம் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை மெல்லிய கம்பி ஒட்டிவிடச் சொல்லிக் கேட்கலாம். அது கழற்ற முடியாதது, மறதிக்கும் இடமில்லை.

தெளிவான பிளாஸ்டிக் ரிட்டெய்னரை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். பல ரிட்டெய்னர்கள் தொலைவது கல்யாணப் பந்தியில்தான்: சாப்பிடும் முன் கழற்றி இலையோரம் வைப்பார்கள், சாப்பிட்டதும் இலையோடு மடித்துவிடுவார்கள். டப்பாவைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், உட்காரும் முன்பே கழற்றி அதில் போடச் சொல்லுங்கள்.